வழங்கிக் கணினிக்கு ஒளியிழை அட்டை வேண்டுமா?

மாத்தளை மாவட்டத்திலே கலேவெலைக்கு அண்மையில் உள்ள வஹகோட்டை, புனித அந்தோனியார் திருத்தலத்தால் நாடறிந்த ஊர். கண்டி மன்னர் காலத்திலே போர்த்துக்கேயர் வழிவந்தோர் குடியமர்ந்த ஊர் என்று அதன் பழைமையைக் கூறுவர். ஜூன் மாதத் திருவிழாவின்போது பல திசைகளிலிருந்தும் யாத்திரிகர் வந்து கூடுவர். திருவிழா முடிந்தபின் வயலும் தோட்டமும் பாடசாலை மணியோசையுமாக ஊர் தன் வழமைக்குத் திரும்பிவிடும். நகரத்துக்கே உரியவை என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்ட சில கேள்விகள் இத்தகைய ஊர்களின் வாசலுக்கும் இன்று வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

வஹகோட்டையைப் போன்ற ஓர் ஊரில் ஒரு பாடசாலை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதன் அலுவலகக் கட்டடத்தில் ஒரு வழங்கிக் கணினி இருக்கிறது. சேர்வர் என்று பலரும் சொல்வது இதனைத்தான். மாணவர் பதிவுகள், வினாத்தாள்கள், ஒளிப்பதிவான பாடங்கள் ஆகிய யாவும் அதனுள்ளே சேமிக்கப்பட்டுள்ளன. விளையாட்டுத் திடலுக்கு அப்பால், ஏறக்குறைய 70 மீற்றர் தொலைவில், கணினிகள் முப்பது கொண்ட வகுப்பறை ஒன்று. இரண்டையும் இணைக்க வேண்டும். பெற்றோரும் பழைய மாணவரும் சேர்த்துக் கொடுத்த பணம் கையில் இருக்கிறது. கடைக்காரர், "வழங்கிக்கு ஃபைபர் அட்டை ஒன்று போடுங்கள், வேகம் பத்து மடங்கு கூடும்" என்கிறார். அதிபர் என்ன செய்வது?

வலையமைப்பு அட்டை என்பது கணினிக்கும் வெளிக் கம்பிக்கும் இடையே நிற்கும் வாயில். கணினிக்குள்ளே இருக்கும் செய்தியை அது மின் துடிப்புகளாக்கிச் செப்புக் கம்பியில் அனுப்பும். வருவனவற்றை வாங்கி உள்ளே சேர்க்கும். ஒளியிழை அட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. மின் துடிப்புக்குப் பதிலாக ஒளித் துடிப்பு, செம்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழை என்பதே வேறுபாடு. அவ்விழையின் வெளிச்சுற்று மனித மயிரைவிடச் சற்றே பருமனானது. ஒளி செல்லும் நடுப்பகுதியோ, ஒருவகை இழையில், ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அகலமே உடையது.

கண்ணாடிக்குள்ளே ஒளியைத் தொலைதூரம் செலுத்தலாம் என்பதை உலகம் எளிதில் நம்பவில்லை. 1966ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் பணியாற்றிய சார்ள்ஸ் காவோ என்பவர், ஜோர்ஜ் ஹொக்கம் என்பவருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அக்காலக் கண்ணாடி இழையிலே ஒளி சில பத்து மீற்றருக்குள் மங்கிவிடும். அக்குறை கண்ணாடியின் இயல்பன்று, அதில் கலந்துள்ள மாசுகளின் விளைவே என்பது காவோ கண்ட உண்மை. ஒரு கிலோமீற்றர் கடந்தபின் நூறில் ஒரு பங்கு ஒளியேனும் எஞ்சுமாயின் தொலைத்தொடர்புக்கு அது போதும் என்று அவர் கணக்கிட்டார். நான்கு ஆண்டுகளின்பின், 1970இல், அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டிக் காட்டினர். இன்றைய நல்ல இழையில் அந்த நூறில் ஒரு பங்கு எஞ்சுவது ஒரு கிலோமீற்றருக்குப் பின் அன்று, நூறு கிலோமீற்றருக்குப் பின். காவோவுக்கு 2009இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையைப் பிற நாடுகளோடு இணைக்கும் கடலடித் தொடர்புகளும் இக்கண்ணாடி இழைகளே. தூத்துக்குடிக்கும் கொழும்புப் பகுதிக்கும் இடையே 2006இல் இடப்பட்ட பாரத லங்கா கேபிள் அவற்றுள் ஒன்று.

ஒளியிழையின் பெருமை இவ்வளவு. ஆயினும் கடலைக் கடக்கவல்ல பொருள் என்பதற்காக ஒரு விளையாட்டுத் திடலைக் கடக்க அதனை வாங்கவேண்டும் என்பதில்லை. பத்து மடங்கு வேகம் என்ற வாக்கை முதலில் நிறுத்துப் பார்க்கவேண்டும்.

இன்று சாதாரணமாகக் கணினிகளோடு வரும் செப்புக் கம்பி வாயில் விநாடிக்கு ஒரு கிகாபிட் செய்தியைக் கடத்தும். பிட் எட்டுச் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே கணக்கின்படி விநாடிக்கு 125 மெகாபைட். நடைமுறையில் 110 அளவு கிடைக்கும். வகுப்பறையில் மாணவர் முப்பது பேரும் ஒரே வேளையில் ஒளிப்பதிவுப் பாடம் பார்ப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு விநாடிக்கு 5 மெகாபிட் என்றால் முப்பது பேருக்கு 150 மெகாபிட். இது ஒரு கிகாபிட்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வகுப்பறைக்காகப் பத்துக் கிகாபிட் அட்டை வாங்குவது, மாட்டுவண்டி செல்லும் ஒழுங்கைக்கு எட்டு வழிச்சாலை போடுவதற்கு ஒப்பாகும்.

வறண்ட வலயத்தில் வாழ்வோருக்கு இதனை விளக்கக் குளமே போதும். குளத்திலே நீர் எவ்வளவு நிறைந்திருப்பினும், வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருப்பினும், வயலுக்குப் பாய்வது மதகு விடும் அளவே. வழங்கியினுள் சுழலும் தட்டு நினைவகம் இருக்குமாயின் அதுவே மதகு. பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது அது விநாடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை கொடுக்கும். சிறு கோப்புகள் பலவற்றை அங்குமிங்குமாகத் தேடிப் படிக்கும்போது அதன் வேகம் மிகவும் தாழ்ந்துவிடும். பத்துக் கிகாபிட் அட்டையோ விநாடிக்கு 1,250 மெகாபைட் கடத்தக்கூடிய அகன்ற வாய்க்கால். மதகை மாற்றாமல் வாய்க்காலை மட்டும் அகலித்துப் பயன் சிறிதே.

எவ்வளவு சிறிது என்பதையும் கணக்கிடலாம். வழங்கியிலுள்ள 2 டெராபைட் பதிவுகளை மற்றக் கட்டடத்திலே ஒரு படியெடுத்து வைப்பதாகக் கொள்க. ஒரு கிகாபிட் கம்பியில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்லும். பத்துக் கிகாபிட் அட்டை பூட்டியபின், தட்டு நினைவகம் 180 மெகாபைட் வேகத்தில் கொடுத்தால், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். பத்து மடங்கு என்று சொல்லி விற்கப்பட்ட பொருள் இரண்டு மடங்கைக்கூடத் தரவில்லை. அதுவும் அந்த வேலை இரவு பத்து மணிக்குத் தொடங்கி ஆளில்லாத நேரத்தில் தானே நடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு முடிந்தால் என்ன, ஒரு மணிக்கு முடிந்தால் என்ன?

வெளி உலகோடு உள்ள தொடர்பின் நிலையும் இதுவே. இணையத் தொடர்பு விநாடிக்கு 100 மெகாபிட் என்றால், அது உள்ளூர்க் கம்பியின் பத்தில் ஒரு பங்கு. வழங்கியில் எந்த அட்டை பூட்டினாலும் அத்தொடர்பு ஒரு மெகாபிட்டேனும் கூடாது. இந்த உண்மையை மலைநாடு முன்னரே கண்டிருக்கிறது. 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் துணையோடு, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கொத்மலைச் சமுதாய வானொலிக்கு இணைய வசதி அளிக்கப்பட்டது. நிலையத்துக்குக் கிடைத்த தனித்தொடர்பின் அளவு விநாடிக்கு 64 கிலோபிட். ஒரு கிகாபிட்டின் பதினையாயிரத்தில் ஒரு பங்கு. அங்கிருந்தோர் அந்தச் சிறு வாயிலை வைத்துக்கொண்டு ஓர் அரிய வழி கண்டனர். நேயர்கள் கேள்விகளை அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, அதனை வானொலியிலே விளக்குவர். ஒருமுறை வந்த செய்தி, கேட்டுக்கொண்டிருந்த அத்தனை வீடுகளுக்கும் சென்றது. ஒடுக்கமான இடம் எது என்று அறிந்தவர்கள் அதற்கு ஏற்பத் தொழிலை அமைத்துக்கொண்டார்கள். அதை அறியாமல் பெரிய கருவிகளை வாங்கிக் குவித்திருந்தால் 64 கிலோபிட் அப்படியே 64 கிலோபிட்டாகத்தான் இருந்திருக்கும்.

வேகத்தை மட்டும் நோக்கினால், ஒளியிழை வேண்டாம் என்றே தீர்ப்பு அமையும். தூரத்தை நோக்கினாலும் அதே தீர்ப்புத்தான். செப்புக் கம்பிக்கு விதிக்கப்பட்ட எல்லை 100 மீற்றர். திடலைக் கடக்க வேண்டியதோ 70. இவ்விடத்தில் பலர் கணக்கை மூடிவிட்டுச் செப்புக் கம்பியை வாங்கி, இரு கட்டடக் கூரைகளுக்கும் இடையே இழுத்துக் கட்டிவிடுவர். அவர்கள் வானத்தை மறந்துவிடுகிறார்கள்.

இலங்கையிலே இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலங்கள், அதாவது மார்ச்சு–ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர்–நவம்பர் மாதங்களும், இடிமுழக்கத்துக்குப் பேர்போனவை. காலை வெயில் கொளுத்தும், பிற்பகலில் மலைப்பக்கத்திலிருந்து கருமுகில் திரளும், மாலைக்குள் மின்னல். மாத்தளை மாவட்டத்தார் இதனைப் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. ஒரு மின்னல் தாக்கத்தில் 30,000 அம்பியர் அளவிலான மின்னோட்டம் நிலத்துள் இறங்குவது வழமை. அது ஒரு கணத்தின் மிகச் சிறு கூறே நீடிக்கும். ஆயினும் அக்கணத்தில் நிலம் எங்கும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. தாக்கிய இடத்துக்கு அருகே அழுத்தம் மிக உயர்ந்தும், விலக விலகத் தாழ்ந்தும் நிற்கும்.

பாடசாலையின் இரு கட்டடங்களுக்கும் தனித்தனி மண் தொடுப்பு உண்டு என்று கொள்வோம். மின்னல் அலுவலகத்தின் அருகேயுள்ள தென்னை மரத்தைத் தாக்குகிறது. மின்னோட்டத்தின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3,000 அம்பியர், அலுவலகத்தின் மண் தொடுப்பின் வழியே சென்றாலும், அத்தொடுப்பின் தடை 10 ஓமாயின், அக்கட்டடத்தின் மின்னழுத்தம் அக்கணத்தில் 30,000 வோல்ட் உயரும். திடலுக்கு அப்பாலுள்ள வகுப்பறையில் அந்த உயர்வு இல்லை. இரண்டையும் இணைப்பது எது? அந்தச் செப்புக் கம்பி. வலையமைப்பு வாயில்களின் உள்ளே பாதுகாப்புக்கென வைக்கப்பட்டுள்ள சிறு மின்மாற்றிகள் 1,500 வோல்ட் தாங்கும்படி செய்யப்பட்டவை. அவை எம்மாத்திரம்! கம்பியின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் ஒருங்கே கருகும். வழங்கியின் வாயிலோடு அதன் தாய்ப்பலகையும் போகலாம். பல ஆண்டுப் பதிவுகளும் அதனோடு மறையலாம். மின்னல் கட்டடத்தைத் தொடவே இல்லை என்பதால், ஏன் இப்படி நடந்தது என்பது எவருக்கும் விளங்குவதுமில்லை.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அலுவலகம் 30,000 வோல்ட் உயர்ந்து நின்றாலும் ஒளியிழையின் மறுமுனையில் இருப்போருக்கு அது தெரியாது. இத்தகைய பாடசாலைக்கு ஒளியிழை வேண்டும் என்பதற்கான உண்மையான காரணம் இதுவே. விற்பனைத் தாள்களிலே இக்காரணம் முதலிடம் பெறுவது அரிது. வேகத்தை விற்பது எளிது, நேராத இழப்பை விற்பது கடினம்.

ஆகவே திடலைக் கடப்பது ஒளியிழையாகவே இருத்தல் வேண்டும். ஆனால் அதற்காக வழங்கியினுள்ளே ஒளியிழை அட்டை பூட்டவேண்டுமா? வேண்டியதில்லை. கேள்வியின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார். அவை இரண்டும் வெவ்வேறு. ஒளியை மின்னாகவும் மின்னை ஒளியாகவும் மாற்றும் கைப்பிடியளவான பெட்டிகள் உண்டு. கட்டடத்துக்கு ஒன்றாக அவற்றை வைத்தால், ஒளியிழை பெட்டியோடு நின்றுவிடும். பெட்டிக்கும் வழங்கிக்கும் இடையேயுள்ள இரண்டு மீற்றரைச் சாதாரணச் செப்புக் கம்பி கடக்கும். ஒளியிழைத் துளை உடைய வலையமைப்புச் சுவிட்ச் ஒன்றை வாங்கினால் இன்னும் நேர்த்தி; தனிப்பெட்டியும் அதற்கொரு மின்செருகியும் மிச்சம். இவற்றுள் ஒன்று பழுதுபட்டால் அதனை மட்டும் மாற்றலாம். வழங்கியைத் திறக்கவேண்டியதில்லை.

இவ்வாறு செய்தபின் மின்னல் பயம் முற்றாக நீங்கிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. ஒளியிழை ஒரு கதவைத்தான் அடைக்கிறது. மின்சார சபையின் கம்பியும், செம்பாலான தொலைபேசிக் கம்பி இருக்குமாயின் அதுவும், திறந்த கதவுகளே. அவற்றுக்கு மின்னெழுச்சித் தடுப்பானும், செம்மையான மண் தொடுப்பும் வேண்டும். அட்டை வாங்காததால் மிஞ்சிய பணத்தை இதற்குச் செலவிடுவது தகும். பதிவுகளின் மற்றொரு படி வேறு கட்டடத்தில் இருப்பதும் அவ்வாறே இன்றியமையாதது.

ஒளியிழை அட்டை எப்போதுமே வீண் என்பதன்று. சுழலும் தட்டு நீங்கி, விநாடிக்கு ஆயிரம் மெகாபைட்டுக்கு மேல் கொடுக்கும் அசைவற்ற நினைவகங்கள் வழங்கியிலும் அதன் துணைவழங்கியிலும் அமைந்துவிட்டால், முன்சொன்ன ஐந்து மணி நேர வேலை அரைமணி அளவில் முடியும். ஒளிப்பதிவைத் தொகுக்கும் பலர் ஒரே வழங்கியிலிருந்து ஒரே வேளையில் வேலை செய்யுமிடங்களுக்கும் அது ஏற்றது. அங்கு மதகும் அகன்றது, வயலும் பெரிது. அவ்வேளையிலும் வாங்குமுன் வழங்கியைத் திறந்து பார்க்கவேண்டும். தாய்ப்பலகையிலே பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படும் செருகிடம் காலியாக உண்டா? அதன் அகலம் போதுமா? மூன்றாம் தலைமுறைச் செருகிடத்தின் ஒற்றைத் தடம் விநாடிக்கு 985 மெகாபைட் அளவே தரும். பத்துக் கிகாபிட்டுக்கு அது சற்றுக் குறைவு. நான்கு தடம் உள்ள செருகிடமானால் கவலையில்லை. இரு வழங்கிகளும் ஒரே அலுமாரியில் அடுத்தடுத்து இருப்பின், அட்டையின் துளைகளை நேரே இணைக்கும் சில மீற்றர் நீளச் செப்புக் கம்பி உண்டு. கண்ணாடி இழையே தேவைப்படாது.

அட்டையின் விலையோடு செலவு முடிவதுமில்லை. அட்டையில் இருப்பது வெறும் துளை. ஒளியை உமிழும் சிறு கூடு ஒன்றை அத்துளையிலே செருகவேண்டும். மறுமுனைக்கும் அவ்வாறே ஒன்று. சில நிறுவனத்தாரின் அட்டைகள் தம் இனக் கூட்டையன்றிப் பிறவற்றை ஏற்பதில்லை. வெளிநாட்டுத் தரவு நிலையங்கள் கழித்துவிட்ட பழைய அட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு, போலிகளும் உண்டு. திருப்பிக் கொடுக்க முடியாத இடத்தில் வாங்கும் மலிவுப் பொருள் மலிவன்று. இவை யாவும் இறக்குமதிப் பொருள்கள் என்பதையும் மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயை அண்மித்திருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாயைக் கடந்தது. அந்த ஆண்டிலே பழுதுபட்ட ஓர் உறுப்பை மாற்ற முயன்றவர்களுக்கு, தேவையற்ற உறுப்பு ஒன்றும் இல்லாத கருவியின் அருமை விளங்கியிருக்கும்.

இனி ஒளியிழை வாங்கும்போது கவனிக்கவேண்டியவை சில. இழையில் இருவகை உண்டு. நடுப்பகுதி அகன்ற பலமுறை இழையில், இன்று பரவலான ஒருவகை, பத்துக் கிகாபிட்டை 300 மீற்றர் வரை கடத்தும். நடுப்பகுதி குறுகிய ஒருமுறை இழை அதே அளவைப் பத்துக் கிலோமீற்றர் கடத்தும். ஒன்றுக்குரிய கூட்டை மற்றதில் செருகினால் பயனில்லை. திடலைக் கடப்பதற்கு ஒருமுறை இழையே மேல். இன்று ஒரு கிகாபிட்டுக்குப் பயன்படும் அதே இழை, முனைகளை மட்டும் மாற்றினால், நாளை பத்துக்கும் அதற்கு மேலும் பயன்படும். அட்டை வாங்குவதை ஒத்திவைப்பதால் எதிர்காலம் அடைபடாது. மண்ணைத் தோண்டும் கூலியும் இரண்டாம் முறை விழாது. இரண்டு இழைகளே தேவைப்படினும் நான்கு அல்லது ஆறு இழைகள் கொண்ட கேபிளை இடுவது நன்று; மிகுதி, ஒன்று முறிந்தால் உதவும்.

கண்ணாடியைச் சுற்றியுள்ள உறையையும் நோக்கவேண்டும். தொங்கவிடும் கேபிள்கள் பலவற்றிலே பளுவைத் தாங்க உருக்குக் கம்பி ஒன்று உடன் ஓடும். எலிக்கும் அணிலுக்கும் அஞ்சி உருக்குக் கவசம் பூண்டவையும் உண்டு. இரண்டுமே மின்னலுக்கு வழிவிடுபவை. மின்னலைத் தடுக்கவென்று கண்ணாடியை வாங்கி, அதனோடு இரும்பையும் சேர்த்து இரு கட்டடங்களுக்கும் முடிச்சுப் போட்டால் எதற்காக வாங்கினோம் என்பதே பொருளற்றதாகும். உலோகம் அறவே இல்லாத கேபிளைக் கேட்டுப் பெற்று, அணில் பல்லுக்கு எட்டாதபடி குழாயினுள் புதைப்பதே தக்கது. குழாயைக் கூரிய மூலைகளில் மடக்கலாகாது. இழை வளையும் இடத்தில் ஒளி கசியும். முனைகளில் தூசு படிந்தால் தொடர்பு நலியும். விரலால் தொடாமல், அதற்குரிய துடைப்பானால் துடைக்கவேண்டும். ஒருமுறை இழையில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. தெரியவில்லையே என்று மாணவர் எவரும் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்க இடமளிக்கலாகாது. குழாயின் மேல் மண்ணை மூடுமுன், எல்லா இழைகளிலும், மிகுதியாக விட்டவை உட்பட, எவ்வளவு ஒளி மறுமுனையை அடைகிறது என்பதை வேலை செய்தவர் அளந்து எழுதித் தரவேண்டும். அந்தத் தாளை அலுவலகக் கோப்பிலே வைத்துக்கொண்ட பின்னரே கூலியின் இறுதித் தவணையைக் கொடுப்பது முறை.